சோழவரம் பந்தயமும் மூன்றாவது சக்கரமும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவர் ஒருவர்)

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றவுடனே நம்மில் பல பேருக்கு டி.வி.யில் பார்க்கிற வெளிநாட்டு ரேஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஏதோ அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். நண்பர்களே, தென்னிந்தியாவின் இரண்டு பெரிய பந்தயத் தளங்களும் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன என்றால் நம்புவீர்களா? ஒன்று சோழவரம், இன்னொன்று இருங்காட்டுக்கோட்டை. 1997-ல் மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்த பிறகு சோழவரம் திருவள்ளூருக்குப் போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டை காஞ்சிபுரத்தோடு நின்றது. 2019-ல் திரும்பவும் செங்கல்பட்டு மாவட்டம் வந்தபோது நமக்கு இரண்டுமே மிஞ்சவில்லை. நமக்கு மிஞ்சியது கிழக்குக் கடற்கரைச் சாலைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சோழவரம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகிற நெடுஞ்சாலைப் பக்கம். போர் முடிந்த பிறகு விமானம் இறங்காமல் சும்மா கிடந்த தளம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்தக் கிளப்தான் பல ஆண்டுகள் சோழவரத்தில் பந்தயம் நடத்தியது. கார், மோட்டார் சைக்கிள் இரண்டும் ஓடும். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். ராஜ வம்சத்தாரும் வந்தார்கள், சொந்த ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தட்டித் தட்டித் தயார் செய்தவர்களும் வந்தார்கள்.

விமானத் தளத்தில் பந்தயம் விடுவது நம்ம ஆள் மட்டும் கண்டுபிடித்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளம்தான். அங்கே 1948-ல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி நடந்தது. காரணம் எளிமையானது. ஊர் ரோட்டை அடைத்துப் பந்தயம் விட வேண்டுமானால் அனுமதி, போலீஸ், வீடு, மரம், மாடு என்று ஆயிரம் பிரச்சினை. ஓடுதளம் அகலம், சமதளம், சுற்றி மோதுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓடுதளத்துக்கு ஒரு குணம் உண்டு. நேராகப் போகிற பகுதி ரொம்ப நீளம், முடிகிற இடத்தில் திடீரென்று திரும்ப வேண்டும். அதனால் எஞ்சினின் டாப் ஸ்பீடு, பிறகு பிரேக், பிறகு வளைவு, மூன்றுக்கும் சோதனை.

அந்தக் கால வண்டி என்றால் என்ஃபீல்டு புல்லட். 1955-ல் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. புல்லட்டின் சிலிண்டர் துளை 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. நம்ம முதலாண்டுக் கணக்குப்படி போட்டுப் பாருங்கள், 346 சி.சி. வரும். ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் இழுவை உண்டு, ஆனால் சுற்று வேகம் ஏறாது. இதற்கு நேர் எதிர், 1983-ல் வந்த ராஜ்தூத் 350. துளை 64, ஸ்ட்ரோக் 54, இரண்டு சிலிண்டர், 347 சி.சி. அளவு பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் டூ ஸ்ட்ரோக், குட்டை ஸ்ட்ரோக். சோழவரத்தின் கடைசி ஆண்டுகளில் டூ ஸ்ட்ரோக் சத்தம்தான் பெரிய சத்தம். சி.சி. ஒன்றாக இருந்தால் வண்டியும் ஒன்று என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள்!

இப்போது பாடத்துக்கு வருவோம்.

வளைவும் சாய்வும்

இரண்டு சக்கர வண்டி வளைவில் ஏன் சாய்கிறது? பயத்தில் சாய்வதில்லை. திரும்பும்போது வண்டியை வெளியே தள்ளுகிற விளைவு ஒன்று உண்டு. அதைச் சமாளிக்க ஓட்டுபவர் உடம்பையும் வண்டியையும் உள்பக்கம் சாய்க்கிறார். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வரி போதும். வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரம் பெருக்கல் 9.81 என்பதால் வகுங்கள். வருகிற எண் சாய்கோணத்தின் டேன் மதிப்பு. இதில் வண்டியின் எடை எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? புல்லட்டுக்கும் மொபெட்டுக்கும் ஒரே கோணம்தான்.

ஆரம் 40 மீட்டர் உள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். கணக்குப் போட்டால் 0.71 வருகிறது. கோணம் சுமார் 35 டிகிரி. நல்ல டயர், காய்ந்த ரோடு, பழகிய ஆள் என்றால் போய்விடலாம். அதே வளைவில் 80 வைத்தால் 1.26. கோணம் 51 டிகிரிக்கு மேல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, தேவை ஏறக்குறைய இரண்டு மடங்கு நெருங்கிவிட்டது. வர்க்கம் செய்கிற வேலை அது.

இன்னொரு விஷயம். அந்த 0.71 என்ற எண் சாய்வுக்கு மட்டும் இல்லை, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் வேண்டிய உராய்வுக் கெழுவும் அதேதான். ரோடு 0.71 கொடுத்தால் நிற்பீர்கள். கொடுக்காவிட்டால் படுப்பீர்கள். எங்க ஊர் திருவிடந்தை. கடற்காற்று அடிக்கிற மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மணல் மாவு தூவியது மாதிரிக் கிடக்கும். மணலில் உராய்வு 0.4 என்று வைத்துக்கொண்டால், அதே 40 மீட்டர் வளைவில் 45 கி.மீ. வேகம்தான் எல்லை. அதைப் பார்த்துப் போர்டு வைக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டமாக வருகிற பெரிய பைக்குகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கோயிலில் கல்யாண வேண்டுதலுக்கு மாலையோடு வருகிறவர்கள் ரோட்டைக் கடக்கிற நேரமும் அதேதான். எங்க தெரு அண்ணன் ஒருத்தர், அவரும் ரேஸ் விட்டவர்தான், மணலில் சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. அவருக்குப் பக்கச் சக்கரம் வைத்த வண்டி சரிவருமா என்று என்னைக் கேட்டதால்தான் நான் இந்த விஷயத்தையே படிக்க ஆரம்பித்தேன்.

சைட்கார்

மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒரு சக்கரமும் ஒரு தொட்டியும் சேர்த்தால் அது சைட்கார். பழைய படங்களில் போலீஸ்காரர் உட்கார்ந்து வருவாரே, அதுதான். இடது பக்கம் வண்டி ஓட்டுகிற நாடுகளில் தொட்டி இடது பக்கம் இருக்கும். (எங்க ஊர்ப் பெருமாள் ஆதிவராகர் தாயாரை இடது பக்கம் தாங்கி நிற்பதால்தான் திரு-இட-எந்தை, திருவிடந்தை ஆனது என்பார்கள். ஆக இடது பக்கம் ஆள் ஏற்றுவது எங்களுக்குப் பழக்கமான காட்சிதான்!)

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் கார் வாங்க எல்லாருக்கும் வசதி இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு போக வேண்டுமென்றால் சைட்கார்தான் ஏழையின் கார். தெருவில் எது ஓடுகிறதோ அது பந்தயத்துக்கும் வரும் அல்லவா? 1949-ல் மோட்டார் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்தபோது தனி வண்டிக்கு 125, 250, 350, 500 சி.சி. என்று நான்கு வகுப்பு, சைட்காருக்கு 600 சி.சி. என்று ஒரு வகுப்பு. 1951 முதல் சைட்காரும் 500 ஆனது. முதல் ஆண்டு சைட்காருக்கு சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், இத்தாலி என்று மூன்றே பந்தயம். பெல்ஜியத்தின் ஸ்பா தளம் தனியாகக் கட்டியது இல்லை, ஊருக்கு ஊர் போகிற ரோடுதான். சுற்று 14 கி.மீ. அந்த ஒரே ரோட்டில் சாய்ந்து போகிற தனி வண்டியும் ஓடும், சாயாத மூன்று சக்கரமும் ஓடும்.

முதல் சாம்பியன் எரிக் ஆலிவர் என்ற ஆங்கிலேயர், நார்ட்டன் வண்டி. 1949, 1950, 1951, 1953 என்று நான்கு முறை. 1949-ல் அவரோடு தொட்டியில் போனவர் டெனிஸ் ஜென்கின்சன். குள்ளமான ஆள், தாடி வைத்தவர், பத்திரிகையாளர். 1955-ல் இத்தாலியின் மில்லே மிலியா கார் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீளச் சுருள் காகிதத்தில் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து வழி சொல்லி ஜெயிக்க வைத்தவரும் இவரேதான். இரண்டு இடத்திலும் ஸ்டியரிங் அவர் கையில் இல்லை.

தொட்டியில் போகிறவரைப் பயணி என்று எழுதுகிறார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பயணி என்றால் டிக்கெட் எடுத்துத் தூங்கிக்கொண்டு வருகிறவர். இவரோ இடது வளைவில் தொட்டிக்கு வெளியே, ரோட்டுக்குச் சில அங்குல உயரத்தில் முதுகு உரசுகிற மாதிரித் தொங்குகிறார். வலது வளைவில் பின்சக்கரத்தின் மேல் படுக்கிறார். நேர்ப்பாதையில் காற்றுத் தடையைக் குறைக்கத் தலையைக் குனிந்து பதுங்குகிறார். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் இரண்டு பேரும் காலி. மனித உடம்பே வண்டியின் ஒரு உதிரிபாகம் மாதிரி.

ஏன் தொங்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பா போக வேண்டாம். என் மாமா பழைய புல்லட்டில் இடது பக்கம் சக்கரம் வைத்த பெட்டி மாட்டி, கோவளத்திலிருந்து மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. “லோடு வண்டி கவுக்காதுடா, காலி வண்டிதான் கவுக்கும்” என்பார். மீனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெட்டியில் ஒரு கருங்கல்லை எடுத்துப் போடுவார். அதுவும் நடுவில் இல்லை, வெளி ஓரத்தில். எனக்குச் சின்ன வயதிலிருந்து அது வேடிக்கை. மூன்றாம் செமஸ்டரில் மொமென்ட் கணக்குப் படித்த பிறகு, மாமா வண்டியை டேப் வைத்து அளந்து போட்டுப் பார்த்தேன்.

இடது பக்கம் திரும்பினால் விசை வலது பக்கம் தள்ளும். வண்டி கவிழ்ந்தால் புல்லட்டின் இரண்டு சக்கரமும் தொடுகிற கோட்டைச் சுற்றித்தான் கவிழும். பெட்டிச் சக்கரம் முதலில் எழும்பும். எழும்பாமல் பிடிப்பது, அந்தக் கோட்டிலிருந்து தள்ளி இருக்கிற எடை. எழும்பச் செய்வது ஈர்ப்பு மையத்தின் உயரம். தள்ளி இருக்கிற தூரத்தை உயரத்தால் வகுத்தால் எல்லை தெரிந்துவிடும். தனி வண்டியைப் போல இது சாய்ந்து தப்பிக்க முடியாது என்பதுதான் அடிப்படை வித்தியாசம்.

புல்லட்டும் மாமாவும் சேர்ந்து 240 கிலோ. பெட்டியும் சட்டமும் 60 கிலோ, கோட்டிலிருந்து 80 செ.மீ. தள்ளி. மொத்த ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் என்று வைத்தேன். 60 கிலோவை 80 செ.மீ.யால் பெருக்கி, மொத்த எடை 300-ஆல் வகுத்தால் 16 செ.மீ. அதாவது மொத்த வண்டியின் மையம் சக்கரக் கோட்டிலிருந்து 16 செ.மீ. மட்டுமே உள்ளே இருக்கிறது. 16-ஐ 60-ஆல் வகுத்தால் 0.27. ஆரம் 20 மீட்டர் உள்ள திருப்பத்தில் இது 26 கி.மீ. வேகம். யோசித்துப் பாருங்கள், 26! சைக்கிளில் இறக்கத்தில் அந்த வேகம் போவோம்.

இப்போது 30 கிலோ கல். பெட்டியின் உள் ஓரத்தில், 50 செ.மீ. தூரத்தில் வைத்தால் 29 கி.மீ. நடுவில் வைத்தால் 31. வெளி ஓரத்தில் 110 செ.மீ. தூரத்தில் வைத்தால் 33. கல் ஒன்றுதான், இடம்தான் வேறு. 100 கிலோ மீன் பெட்டி நிறைய இருந்தால் 37. இதற்கு மேல் ஒன்று போட்டுப் பார்த்தேன். கல்லும் மீனும் இல்லாமல், 60 கிலோ ஆள் ஒருத்தர் பந்தயத்தில் மாதிரி 120 செ.மீ. வரை வெளியே, ரோட்டை ஒட்டித் தாழ்வாகத் தொங்கினால் 39 கி.மீ. வருகிறது. நூறு கிலோ மீனால் முடியாததை அறுபது கிலோ ஆள் செய்துவிடுகிறார். தூரமும் வெளியே போகிறது, மையமும் கீழே இறங்குகிறது. அது மட்டுமில்லை, வலது வளைவு வந்தால் மீன் எழுந்து அந்தப் பக்கம் போகாது, ஆள் போவார்.

கணக்கை மாமாவிடம் காட்டினேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முப்பத்திமூணுதானா? நான் முப்பதுல திரும்புவேன்” என்றார்.

சைட்காருக்கு வேறு சில குணங்களும் உண்டு. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி தொட்டிப் பக்கம் இழுக்கும், ஏனென்றால் எஞ்சின் தள்ளுவது வலது கோட்டில், எடையின் மையம் அதற்கு இடது பக்கம். பிரேக் பிடித்தால் எதிர்ப்பக்கம் போகும். இதைச் சமாளிக்கத் தொட்டிச் சக்கரத்தைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பியும், மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் வெளியே சாய்த்தும் மாட்டுவார்கள். ஹேண்டில்பார் கனக்கும். அதற்காகவே 1950-களில் பி.எம்.டபிள்யூ. சாலை வண்டிகளின் எர்ல்ஸ் ஃபோர்க்கில் தனி ஓட்டத்துக்கு ஒரு துளை, சைட்காருக்கு ஒரு துளை என்று இரண்டு இடம் வைத்திருந்தார்கள். போல்ட்டை மாற்றிப் போட்டால் ட்ரெயில் மாறும். நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் பக்கச் சக்கரம் வைப்பவர்கள் இந்த இரண்டையும் பார்ப்பதே இல்லை. சக்கரத்தை நேராகப் பற்ற வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

மேலே சொன்ன அண்ணனுக்கு என் பதில் இதுதான்: ஒரு பக்கச் சக்கரம் வேண்டாம், ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த வண்டிதான் சரி, அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சக்கரம் இருந்தால் கவிழ்கிற கோடு இரண்டு பக்கமும் சமமாக விலகிப் போகிறது, இடது வளைவு மட்டும் எமனாக இருக்காது. ஆனாலும் அது சாயாத வண்டி. பழைய பழக்கத்தில் சாய்க்கப் பார்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஒரு கிராமத்து எஞ்சின்

திரும்ப ஐரோப்பா. 1954-லிருந்து சைட்கார் பந்தயம் பி.எம்.டபிள்யூ. கைக்குப் போனது. அதன் எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருக்கும். நிற்கிற சிலிண்டரைவிட எடை தாழ்வு. மாமா கல்லைக் கீழே வைப்பதற்கும் ஜெர்மன்காரர் சிலிண்டரைப் படுக்க வைப்பதற்கும் ஒரே காரணம்தான். 1954 முதல் 1974 வரை 21 ஆண்டுகளில் 19 ஆண்டு உலகப் பட்டம் பி.எம்.டபிள்யூ. எஞ்சினுக்கு.

விட்டுப்போன இரண்டில் ஒன்றுதான் எனக்குப் பிடித்த கதை. ஹெல்முட் ஃபாத், 1960-ல் பி.எம்.டபிள்யூ.வில் சாம்பியன், தொட்டியில் ஆல்ஃப்ரெட் வோல்கெமுத். அடுத்த ஆண்டே நூர்பர்க்ரிங் தளத்தில் விபத்து. வோல்கெமுத் இறந்துவிட்டார். ஃபாத்துக்குப் பலத்த காயம். அவர் ஒரு மெக்கானிக். தன் கிராமத்தில் உட்கார்ந்து தானே நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார். அதற்கு வைத்த பெயர் உர்ஸ். உர்சென்பாக் என்ற அவருடைய ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகள். 1968-ல் அந்த எஞ்சினில், பெரிய கம்பெனியைத் தோற்கடித்து மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். ஊர்ப் பெயரில் எஞ்சின்! லேத்தில் ஒரு ஸ்டெப் டர்னிங் ஜாப்புக்கே நமக்கு மூன்று பீஸ் வீணாகிறது.

பெண்களும் இருந்தார்கள். 1954-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் சைட்கார் வகுப்பு திரும்ப வந்தபோது, ஜாக் திரியோன் என்ற பிரெஞ்சுக்காரரின் தொட்டியில் போனவர் இங்கே ஸ்டோல். அந்தத் தீவில் போட்டியிட்ட முதல் பெண் அவர். 1958-ல் செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோவில் நடந்த விபத்தில் இருவருமே இறந்தார்கள். ரோட்டை அடைத்து நடத்திய பந்தயங்களில் சுவர், மரம், கம்பம் எல்லாம் அப்படியே இருக்கும். 1959-ல் மினி மாதிரிச் சின்னக் கார்கள் வந்த பிறகு குடும்பங்கள் சைட்காரை விட்டுவிட்டன. பந்தயம் மட்டும் நின்றது. இன்றைக்கும் அந்தத் தீவில் 60 கி.மீ. சுற்றுப் பாதையில் ஓட்டுகிறார்கள்.

நம்ம பக்கம் 1990-ல் பந்தயம் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. கிளப் தானே கட்டிய தளம், சுற்று 3.7 கி.மீ., 12 வளைவு. நரேன் கார்த்திகேயன் இங்கே ஓட்டித்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் போனார். தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயம் இங்கே நடக்கிறது. 2021-லிருந்து என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி. வண்டிகளுக்கும் தனிப் போட்டி வந்தது. தளம் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் எழுத மாட்டேன். 2023 ஆகஸ்டில் 13 வயதுப் பையன் ஒருவன் இதே தளத்தில் பந்தயத்தில் விழுந்து இறந்தான். ஆனால் அங்கே ஒரே திசையில் ஓடுகிறார்கள், வளைவுக்கு வெளியே சறுக்க இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, எதிரே மாலை போட்டுக்கொண்டு யாரும் ரோட்டைக் கடப்பதில்லை.

ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகள் கூட்டமைப்பின் போட்டி உரிமம் எடுக்க வேண்டும். அதற்குப் பணம் ஆகும், நம்மில் எத்தனை பேருக்கு முடியும் என்று தெரியாததல்ல. பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நேர்ப்பாதைப் பக்கம் உட்காராதீர்கள், அங்கே சர்ரென்று போய்விடும், ஒன்றும் விளங்காது. வளைவுப் பக்கம் நில்லுங்கள். பிரேக் எங்கே பிடிக்கிறார், உடம்பு எப்போது உள்ளே இறங்குகிறது, முழங்கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று ஒரே ஓட்டுநரைப் பத்துச் சுற்று பாருங்கள். கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தால் வளைவின் நீளத்தை அடியால் அளந்து வைத்துக்கொண்டு வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம், சாய்கோணமும் கிடைத்துவிடும். நானும் எங்க பிரிவு நண்பர்கள் நாலு பேரும் அடுத்த பந்தயத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் போகிறோம். வருகிறவர்கள் பேர் கொடுங்கள்.